நாலெக்ஸ் அத்தான்

மனிதர்களில் வேகம் பார்க்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களைச் சொல்லவில்லை. சீடி எழுதுகிறவர்களைச் சொல்கிறேன். அதிலும், கம்ப்யூட்டருக்குள் வெறும் சீடியைத் தள்ளி, பட்டனை அழுத்தி, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எடுத்துக்கொண்டு போகிற ஆட்களைச் சொல்லவில்லை. அவர்கள் நம்மைப் போலச் சாதாரண ஜனங்கள். நான் சொல்கிற இனம் வேறு. எந்தச் சீடியில் எழுதுவது, எந்த வேகத்தில் எழுதுவது என்ற இரண்டே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே ஆட்டிவைக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டு ஓடுவதற்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் எடுத்து அதைச் சீடியில் எழுதினால் ஒரு எக்ஸ். நாலு மடங்கு வேகத்தில் எழுதினால் நாலெக்ஸ். சீடி டப்பாவின் மேல் ஐம்பத்திரண்டு எக்ஸ் வரை போகலாம் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். செய்தவனே சொல்கிறானே என்று நீங்களும் நானும் ஐம்பத்திரண்டில் எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்ப்போம். இந்த இனத்திடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள், காதைப் பொத்திக்கொள்ளும். வேகமாக எழுதினால் ஆழமாக விழாது என்பது அவர்கள் கட்சி. சீடியில் ஏது ஆழம் என்று கேட்டுவிடாதீர்கள். உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தீர்களோ, உங்கள் வீட்டில் உங்களுக்கு எடுத்து வைத்த சாப்பாடு ஆறிப்போகும்.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? என் அக்கா இந்த இனத்தில்தான் வாக்கப்பட்டிருக்கிறாள். அவர்கள் மேல் வீடு, நான் கீழ் வீடு. அத்தான் லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் மேற்பார்வையாளர். லிஃப்ட் விஷயத்தில் ஒரு மனிதர் நாலு தடவை யோசித்து, மெதுவாக, எல்லாவற்றையும் சரிபார்த்து வேலை செய்வது ஊருக்கே நல்லது. அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அதே மனிதர் வீட்டுக்கு வந்து அதே முகத்தோடு சீடி எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும்? எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அவரை நாலெக்ஸ் என்றே கூப்பிடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான். அவருக்குத் தெரிந்தாலும் வருத்தப்பட மாட்டார், விருது கொடுத்ததாக நினைத்துக்கொள்வார்.

இவர்கள் வெறும் சீடி வாங்குகிற அழகை நீங்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். நாம் கடைக்குப் போய் "பத்து சீடி குடுங்க" என்போம். அத்தான் டப்பாவைக் கையில் வாங்கி, எடை பார்ப்பது போல இரண்டு தடவை தூக்கிப் பார்த்து, மூடியின் உள்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று படித்து, ஒரே ஒரு சீடியை ஓட்டையில் விரல் விட்டுத் தூக்கி, கடையின் டியூப் லைட் பொய் சொல்லும் என்பதால் தெருவுக்கே கொண்டுபோய், வெயிலில் சாய்த்துச் சாய்த்து அடிப்பக்கத்தின் நிறத்தைப் பார்ப்பார். நீலமாக இருந்தால் ஒரு தலையசைப்பு. பச்சையாக இருந்தால் ஒரு உதட்டுப் பிதுக்கல். வெள்ளியாக இருந்தால், கடைக்காரரைப் பார்த்து ஒரு பரிதாபப் பார்வை.

"சார், போன தடவை வாங்கினதே நல்லா ஓடுதுல்ல?" என்பார் கடைக்காரர்.

"இப்ப ஓடும்ப்பா. பத்து வருஷம் கழிச்சு ஓடுமா?"

"பத்து வருஷம் கழிச்சு இந்தக் கடையே ஓடுமான்னு தெரியல சார்."

அத்தான் அதற்குச் சிரிக்க மாட்டார். 'பத்து வருஷம் கழித்து ஓடுமா?' என்பதுதான் இந்த இனத்துக்கே உரிய ஒரே கேள்வி. நீங்கள் எதைக் காட்டினாலும், எதைப் போட்டு ஓடவிட்டாலும், கையைக் கட்டிக்கொண்டு முழுசாகப் பார்த்துவிட்டு, "இப்ப ஓடும்" என்பார்கள். அந்த 'இப்ப'வில் அவர்கள் வைக்கிற அழுத்தத்தைக் கேட்டால், நாளைக் காலை உங்கள் சீடி மட்டுமில்லை, உங்கள் வீட்டுச் சுவரே உதிர்ந்துவிடும் போலிருக்கும்.

சரி, வாங்கியாயிற்று. எழுத வேண்டாமா? எழுதுவதற்கு முன்னால் ஜன்னல் சாத்தப்படும், தூசி வரும். மின்விசிறி நிறுத்தப்படும், ஏற்கெனவே உள்ளே இருக்கிற தூசி பறக்கும். போன் ரிசீவர் எடுத்துக் கீழே வைக்கப்படும். கம்ப்யூட்டரில் வேறு எதுவும் திறந்திருக்கக் கூடாது, கடிகாரம் ஓடுவதே அவருக்கு உறுத்தும். அக்கா மிக்சி போடக் கூடாது, போட்டால் கரண்ட் ஒரு இழுப்பு இழுக்குமாம், அந்த இழுப்பில் சீடியில் ஒரு புள்ளி தப்பாக விழுமாம். என் அக்கா மிக்சிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, உள்ளே பார்த்து, "என்னங்க, ஆச்சா?" என்று கேட்கிற அழகை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். "இன்னும் முப்பது சதவீதம்" என்று பதில் வரும். சமையல் எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று அவர் கேட்டதில்லை.

எழுதி முடித்ததும் சீடியை உடனே எடுக்கக் கூடாது. சூடாக இருக்கும், ஆற வேண்டும். ஆறியதும் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். சரிபார்த்ததைச் சரிபார்க்க இன்னொரு புரோகிராம் வைத்திருக்கிறார், அது கோடு கோடாகப் படம் வரைந்து காட்டும். அதை மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து பார்ப்பார். எல்லாம் முடிந்தால் மேலே பெயர் எழுதலாம். பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் கொலைக் குற்றம். ஸ்கெட்ச் பேனா, அதிலும் தண்ணீர் மை, அதிலும் நடு ஓட்டையைச் சுற்றி இருக்கிற கண்ணாடி வளையத்தில் மட்டும், எறும்பு எழுத்தில் எழுதுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க அவரே பூதக்கண்ணாடி தேடுவார்.

அதற்கப்புறம் அது அலமாரிக்குப் போகும். வெளிச்சம் படக் கூடாது, ஈரம் கூடாது, படுக்கவைக்கக் கூடாது, நிற்கவைக்க வேண்டும். வீட்டில் அப்படிப்பட்ட நல்ல அலமாரி ஒன்றுதான் இருந்தது. அதில் இருந்த பெட்ஷீட்டும் போர்வையும் இப்போது நாற்காலியில் இருக்கின்றன. விருந்தாளி வந்தால் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகலாம்.

அந்தச் சீடிகளுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒருநாள் அத்தான் வேலைக்குப் போன பிறகு நானும் அக்காவும் உட்கார்ந்து பார்த்தோம். முப்பது நாள் மட்டும் ஓசியில் ஓடி அப்புறம் காலாவதியாகிற புரோகிராம்கள் ஒரு வரிசை. யாரோ ஆபீஸ் நண்பர் சுற்றுலா போய்த் தன் காலணியையே முக்கால்வாசி எடுத்த புகைப்படங்கள். சீடி எழுதுகிற ரைட்டரை எப்படி உபயோகிப்பது என்று கம்பெனிக்காரன் கொடுத்த விளக்கம், அதன் நகல், அந்த நகலின் நகல். நூறு வருஷம் கழித்துப் பிறக்கப் போகிற ஏதோ ஒரு குழந்தை இதை எடுத்துப் பார்க்கும், பாவம்.

தங்கச் சீடியைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. அடிப்பக்கம் தங்க நிறத்தில் மின்னுகிற சீடி அது. ஆயுசு கெட்டி என்று டப்பாவில் போட்டிருக்கிறது. அப்படி ஒரு டப்பாவை அத்தான் ஆசை ஆசையாக வாங்கிவந்து, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் அலமாரியின் உச்சியில் வைத்திருந்தார். அதில் எழுதுகிற தகுதி உள்ள விஷயம் உலகத்தில் இன்னும் நடக்கவில்லை என்பது அவர் எண்ணம். அக்கா தன் கல்யாண வீடியோவைச் சீடியில் போடச் சொன்னபோது, "அதத் தங்கத்துல போடலாமே" என்று வாய்விட்டே கேட்டுப் பார்த்தாள்.

"அதுக்கு நீலமே போதும்" என்றார் அத்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல்.

அக்கா அன்றைக்கு மிக்சியைப் போட்டாள். எழுதிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இந்த இனத்துக்குள் ஒற்றுமையாவது இருக்கிறதா என்றால் அதுவும் கிடையாது. எல்லாவற்றையும் நாலெக்ஸில்தான் எழுத வேண்டும் என்பவர்கள் ஒரு கட்சி. டப்பாவில் போட்டிருக்கிற வேகத்தில் சரிபாதியில் எழுத வேண்டும் என்பவர்கள் எதிர்க்கட்சி. அத்தான் ஆபீசில் ஒரு பாதிவேகக்காரர் இருந்தார். இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய் வந்துகொண்டிருந்தவர்கள். ஒரு நாள் வழியில் பேச்சு வளர்ந்து, "உங்க சீடி எல்லாம் குப்பைக்குத்தான் போகும்" என்று ஒருவர் சொல்ல, "உங்க சீடி எழுதி முடியறதுக்குள்ள நீங்களே போயிடுவீங்க" என்று மற்றவர் சொல்ல, பாதி வழியில் வண்டியை நிறுத்தி ஒருவர் இறங்கிவிட்டார். அன்றிலிருந்து அத்தான் பஸ். மனைவி மக்களைப் பழித்திருந்தால்கூட இவ்வளவு தூரம் போயிருக்காது.

இதெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். சிரிக்க முடியாமல் ஆனது அக்கா மகள் விஷயத்தில்தான்.

அவள் வயலின் வாசிக்கிறவள். என் மகள் மாதிரி என்பதால் சொல்லவில்லை, நன்றாகவே வாசிப்பாள். இசைக் கல்லூரியில் சேர வேண்டும் என்று இரண்டு வருஷமாக வேறு எதையும் நினைக்காமல், விரல் நுனி காய்த்துப் போகிற வரை பழகிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் வயசு வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்த வருஷம் விட்டால் அப்புறம் கிடையாது. முதல் கட்டமாக, வாசித்ததைப் பதிவு செய்து ஒரு சீடியில் போட்டு வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆபீசில் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டுப் பிடித்திருந்தால்தான் நேரில் கூப்பிடுவார்கள். ஆக, அந்தப் பெண்ணின் இரண்டு வருஷமும் ஒரு சீடியில் வந்து நின்றது. அதை எழுத வேண்டியவர் யார்? கேட்க வேண்டுமா?

"பெரிய ஹால்ல வச்சு, சாதாரண சீடி பிளேயர்ல போட்டுத்தான் கேப்பாங்களாம்ப்பா" என்று அவள் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். அத்தான் கண்ணை மூடித் தலையாட்டினார். பிறகு நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரியின் உச்சியிலிருந்து தங்க டப்பாவை இறக்கினார். தூசியைத் துடைத்தார். அதன் பிளாஸ்டிக்கை நகத்தால் கீறிப் பிரித்தார். "இதுக்காகத்தான் வச்சிருந்தேன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். கேலி செய்கிற நாக்கு எனக்கு, ஆனாலும் அந்த நிமிஷம் அவர் மேல் ஒரு கேலியும் வரவில்லை. மகளுக்காக ஒரு மனிதர் உலகத்திலேயே உசத்தியானதை எடுத்து வைக்கிறார், அதைப் போய் என்ன கேலி செய்ய?

அங்கேயே எழுதியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் இந்த இனம் அப்படி எழுதிவிடுமா? டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. வேகமாக எழுதுவதற்கென்றே செய்த சீடி இது, ரொம்ப மெதுவாக எழுதினால் தரம் குறையலாம் என்று அதில் போட்டிருந்தது. போச்சா? அத்தான் அதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாலெக்ஸே தப்பு என்றால், இத்தனை வருஷம் நாலெக்ஸில் எழுதியதெல்லாம் என்ன கதி? அந்த நாசமாய்ப்போன பாதிவேகக்காரர் சொன்னது சரியா? அன்றைக்கு அவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்க" என்றாள் அக்கா.

"எட்டா, பதினாறான்னு தெரியலையே" என்றார்.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். தங்கச் சீடியில் ஒன்றை நாலெக்ஸில் எழுதினார், ஆறவைத்தார், கோட்டுப் படம் போட்டுப் பார்த்தார், காதில் ஹெட்போன் மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டார். மகள் வாசித்த அதே பத்து நிமிஷத்தை. மறுபடி எட்டில். மறுபடி பதினாறில். எட்டில் மூன்றாவது நிமிஷத்தில் ஏதோ ஒரு சன்னமான கரகரப்பு கேட்கிறது என்றார். மகள் வந்து கேட்டுவிட்டு, "அது நான் மூச்சு விட்டதுப்பா" என்றாள். அப்படியானால் பதினாறில் ஏன் அந்த மூச்சு கேட்கவில்லை என்று ஆராய்ச்சி அந்தப் பக்கம் திரும்பியது. டப்பாவில் சீடி குறைந்துகொண்டே வந்தது, வாரமும் குறைந்துகொண்டே வந்தது. அந்தப் பெண் அப்பாவின் அறை வாசலில் வந்து நிற்பாள், பார்ப்பாள், போய்விடுவாள். அப்பா தனக்காகத்தான் இந்தப் பாடு படுகிறார் என்று தெரியும்போது வாயைத் திறந்து என்ன கேட்பது? ஆனால் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை நான் பார்த்தேன், என் அக்காவும் பார்த்தாள்.

புதன்கிழமை காலை அத்தான் குளிக்கப் போனார். குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் அக்கா மகளைப் பார்த்து, "அத ஒரு பென் டிரைவ்ல போடு" என்றாள். அவள் குரலில் அப்படி ஓர் அமைதி. நான் பயந்துவிட்டேன். அவள் கோபப்படும்போது கத்துவாள், முடிவெடுத்துவிட்டால் இப்படித்தான் பேசுவாள்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?" என்றாள் மகள்.

"அப்பா சீடியும் வரட்டும். வந்தா அதையும் குடுத்துடலாம். வரலைன்னா என் பொண்ணு வீட்ல உக்காரணுமா?"

நானும் அக்காவும் கல்லூரிக்குப் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏறினோம். கடைக்காரர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ வாடகை விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா பென் டிரைவை நீட்டி, "வயலின் வாசிச்சது. பாட்டு கேக்கற பிளேயர்ல போட்டா ஓடணும்" என்றாள். அவர் தலையாட்டினார், எங்களுக்கா போனுக்கா என்றுகூடத் தெரியவில்லை. ஊர் பேர் இல்லாத ஒரு சீடியை, அடிப்பக்கத்தில் கட்டைவிரல் முழுசாகப் பதிகிற மாதிரி பிடித்துத் தூக்கி, உள்ளே போட்டு, சண்டையை நிறுத்தாமலே இரண்டு தடவை க்ளிக் செய்தார். தலைக்கு மேல் மின்விசிறி பேய்ச் சுற்று சுற்றியது. எந்த வேகத்தில் எழுதினார் என்று எனக்குத் தெரியாது. எந்த வேகத்தில் எழுதினார் என்று அவருக்கே தெரியாது. அவர் சண்டையில் அடுத்த வாக்கியம் முடிவதற்குள் சீடி வெளியே வந்துவிட்டது. அக்கா அதன் மேல், பளிச்சென்று நடு நெஞ்சில், பால்பாயிண்ட் பேனாவால், அழுத்தி, மகள் பெயரை எழுதினாள். அதை எழுதும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. பல வருஷத்துப் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே ஒரு பழைய பிளேயரில் போட்டுக் காட்டச் சொன்னோம். ஓடியது. போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை வந்தது. டப்பாவில் மிச்சம் ஒரே ஒரு தங்கச் சீடி. எட்டெக்ஸ் என்று தீர்ப்பாகிவிட்டது. அத்தான் லீவு போட்டிருந்தார், முகம் சவரம் செய்திருந்தார். எழுதினார், ஆறவைத்தார், சரிபார்த்தார். மகள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அவளுக்கு அவசரம் இல்லை என்பது அவருக்குத் தெரியாது, தெரியக் கூடாது என்று அவளும் அவசரப்படுகிற மாதிரியே நின்றாள். கடைசியில் அவர் சீடியை ஒரு உறையில் போட்டு, உறையை ஒரு மெத்தென்ற துணியில் சுற்றி, அதை ஒரு டப்பாவில் வைத்து அவள் கையில் கொடுத்தார். "வெயில்ல காட்டாத" என்றார். அப்புறம், அவர் அதிகமாகப் பாராட்டுகிறவர் இல்லை, "நல்லா வாசிச்சிருக்கடா" என்றார். ஒரு வாரம் ஹெட்போனில் அதையே கேட்டவர் அல்லவா.

அவளும் நானும் கீழே இறங்கி என் வீட்டுக்குள் வந்தோம்.

"எதுக்கும் ஒரு தடவ போட்டுப் பாத்துட்டு, ரெண்டாவது சீடியா இதையும் குடுத்துடலாம் சித்தி" என்றாள்.

என்னிடம் ஒரு சாதாரண பிளேயர் இருக்கிறது. போட்டோம். சுற்றியது. நின்றது. உள்ளே சீடியே இல்லை என்று காட்டியது. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டோம். சீடியே இல்லை என்று மறுபடி சாதித்தது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் அழகாகத் திறக்கிறது, பாடுகிறது. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அத்தான் நிறத்தைப் பார்த்தார், வேகத்தைப் பார்த்தார், தூசி, கரண்ட், சூடு எல்லாம் பார்த்தார். ஆனால் அதைப் பாட்டுச் சீடியாக எழுதவில்லை. ஆபீஸ் சமாச்சாரங்களை எழுதுவது போல வெறும் கோப்பாக எழுதிவைத்திருந்தார். கம்ப்யூட்டருக்கு அது பாட்டு. சாதாரண பிளேயருக்கு அது ஒன்றுமே இல்லை. எழுதுவதற்கு முன்னால் திரையில் பாட்டுச் சீடி என்று போட்டிருக்கிற இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும், அதை மட்டும் வைக்கவில்லை. சோதித்த அத்தனை தங்கமும் அதே கதிதான், எல்லாவற்றையும் அவர் கேட்டது தன் கம்ப்யூட்டரில்தானே.

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சித்தி, இத மட்டும் குடுத்திருந்தா?" என்றாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. இரண்டு வருஷம் அந்த விரல்கள் பட்ட பாடு, ஒரு ஹாலில் நாலு வாத்தியார்கள் உட்கார்ந்து பிளேயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்தது போடுங்க" என்று சொல்வதோடு முடிந்திருக்கும். அவளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நானும் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். நேரில் போய் வாசித்தாள். இடம் கிடைத்துவிட்டது. அங்கே ஒரு டீச்சர், "உன் சீடியில மூச்சு விடறதுகூடத் தெளிவா கேட்டுச்சு" என்று சொன்னாராம். அதை அவள் வந்து சொன்ன அன்று நாங்கள் எல்லோரும் மேல் வீட்டில்தான் இருந்தோம். அத்தான் எழுந்து நின்றுவிட்டார். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

"மூச்சு," என்றார். "எட்டெக்ஸ். நான் சொல்லல? அவசரப்பட்டு எவனாவது கடைக்காரன்கிட்ட குடுத்திருந்தா அந்த மூச்சு போயிருக்கும்."

"ஆமாப்பா" என்றாள் மகள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. "சாமான் நல்லா இருந்தா போதாது, வேகமும் சரியா இருக்கணும்" என்று அவர் ஆரம்பித்ததும் அக்கா, "டீ போடறேன்" என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடலாமாக்கா?" என்றேன். எனக்கு நாக்கு அரித்தது.

"எதுக்கு?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இத்தன வருஷத்துல அவரு அந்த டப்பாவ வேற யாருக்காவது பிரிச்சிருக்காரா? இருந்துட்டுப் போகட்டும்."

அவ்வளவுதான். அத்தான் இன்றைக்கும் எட்டெக்ஸ் கட்சி. பாதிவேகக்காரருக்குப் போன் செய்து, பழசையெல்லாம் மறந்து, இரண்டு பேரும் மறுபடி ஒரே வண்டியில் போகிறார்கள். மகள் கல்லூரியில் சேர்ந்த கதையை அவர் சொல்லாத ஆள் கிடையாது. நாங்கள் மூன்று பேரும் ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்கிற மாதிரி கேட்கிறோம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சீடியா, அதெல்லாம் நான் தொட்டதே இல்லை, நான் அந்த இனம் இல்லை என்கிறீர்கள். சரி, நம்புகிறேன். போன் வாங்குவதற்கு முன்னால் எத்தனை கடை ஏறினீர்கள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வீட்டுக்குப் பெயிண்ட், முதுகுக்கு மெத்தை, எதையாவது தேர்ந்தெடுத்து, அது நல்லபடியாக முடிந்து, "பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்" என்று வீட்டில் சொல்லியிருப்பீர்களே, அதை மட்டும் கேட்கிறேன். அடுத்த தடவை அப்படிச் சொல்லும்போது சுற்றி ஒரு பார்வை பாருங்கள். யாராவது டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போகிறார்களா? போனால் பின்னாலேயே போகாதீர்கள். டீ வர கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.